இரண்டு நாற்காலியும் எலிவால் அருவியும்

வடுகபட்டி பூண்டுக்கடை மைத்துனர் சுந்தரலிங்கம் அவர்கள் சமூகத்துக்கு, கெங்குவார்பட்டியிலிருந்து உங்கள் அக்காள் சோணையம்மாளின் வீட்டுக்காரன் பிச்சைமணி சொல்ல, மருமகள் உமாதேவி எழுதியது. இங்கே என் இடுப்பு ஒன்றைத் தவிர யாவரும் நலம். அங்கே நீங்களும், வீட்டாரும், புது வீட்டின் பதினோரு படிகளும் நலமாக இருக்க முருகன் துணை. நான் சொல்வதை உமாதேவி நல்ல தமிழாக்கித்தான் எழுதுகிறாள். அவள் எழுத மறுத்த வார்த்தைகளை நீங்களே அந்தந்த இடத்தில் போட்டுப் படித்துக்கொள்ளவும்.

மாப்பிள்ளை, போன மாதம் புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை வைக்க வந்தீர்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, "மச்சானால பதினோரு படி ஏற முடியாது, நீ மட்டும் வந்துரு அக்கா" என்று உங்கள் அக்காளிடம் சொன்னீர்கள். நான் வராவிட்டால் என்ன, எலிவால் அருவியையும் அந்தப் பள்ளத்தாக்கையும் என் கையாலே படம் பிடித்து அனுப்புகிறேன், கூடத்தில் மாட்டுங்கள் என்றேன். "கக்கூசுக்குப் போகவே வாக்கர் வேணும், இவுக மலையப் படம் புடிக்கப் போறாகளாம்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு என் இடுப்பில் வைத்த இரும்புத் தகட்டில் போய் இடித்தது.

மறுநாளே தேவதானப்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கிறிஸ்டோபருக்குப் போன் போடச் சொன்னேன். அவருக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். சக்கர நாற்காலியில் இருந்தபடியே முப்பது வருடமாக இந்தப் பக்கத்துக் கல்யாணம் எல்லாவற்றையும் படம் எடுத்த மனிதர். விஷயத்தைச் சொன்னதும், "ஐயா, மலைப்பாதையில அருவி தெரியுற அந்த வளைவுக்கு நானும் பத்துத் தடவை கார்ல போயிருக்கேன். நாற்காலியில உக்காந்தா கண்ணுக்கு நேரா கைப்பிடிச் சுவருதான் நிக்குது. பத்துத் தடவையும் சுவத்தத்தான் எடுத்துட்டு வந்திருக்கேன்" என்றார். எனக்கு அப்போதுதான் எழுபத்து நான்காம் வருடம் ஞாபகம் வந்தது. வாழைத்தார் லாரியில் நான் சுமை ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில், தார் மேலே உட்கார்ந்துதானே அருவியை உச்சி முதல் அடி வரை பார்த்தேன்! அன்று பச்சைக் கட்டம் போட்ட சட்டையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த நீங்கள், முதல் வளைவில் மூடிய கண்ணை மலையடிவாரத்தில்தான் திறந்தீர்கள். இடையில் வாயை மட்டும் நாலு தடவை திறந்தீர்கள். அந்தச் சட்டையைத் துவைத்தவள் உங்கள் அக்காள்.

ஆக, உயரம்தான் வேண்டும், கால் வேண்டியதில்லை என்று முடிவாயிற்று. காய்கறி ஏற்றப் போகும் சின்னச்சாமியின் குட்டியானை வண்டியில், பின்னால் எங்கள் இருவரையும் இரண்டு நாற்காலியோடு அவனே ஆள் பிடித்துத் தூக்கி வைத்து, நாங்கள் ஆடாமல் இருக்க நெஞ்சோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினான். விடிகாலைக் காற்று காதைக் குடையுமே என்று சோணையம்மாள் வெள்ளைத் துண்டைத் தாடையோடு சேர்த்துத் தலையைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டாள். கிறிஸ்டோபருக்கும் ஒன்று. அங்கேதான் வினை. மலையடிவாரச் செக்போஸ்டில் வண்டி நின்றதும் டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் சின்னச்சாமியிடம் மெதுவாக, "எந்தூருக்காரக தம்பி? ரெண்டு பேரும் ஒண்ணாவா தவறுனாக?" என்று கேட்க, அந்தப் பயல் தலையைக் குனிந்துகொண்டான். "ஏலே, நாங்க சாகலடா!" என்று நான் சத்தம் போட்டதில் அவர் கையிலிருந்த கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. கிறிஸ்டோபர் மட்டும் அசையாமல், "ரெண்டு டீ, ஒண்ணுல சீனி கம்மி" என்றார்.

வளைவுக்குப் போனால் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. இன்ஜின் ஓடினால் படம் ஆடும் என்று அணைத்து, சக்கரத்துக்குக் கல் வைத்தோம். குரங்கு ஒன்று ஏறி வந்து என் மாத்திரைப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போயிற்று. இந்நேரம் அதற்கு ரத்தக்கொதிப்பு நன்றாக இறங்கியிருக்கும். ஒரு மணி நேரம் போனது. "பெருசு, எனக்கு லோடு ஏத்தணும், கெளம்புவமா?" என்று சின்னச்சாமி முனகினான். கிறிஸ்டோபர் சொன்னதைக் கேளுங்கள் மாப்பிள்ளை: "கல்யாண வீட்டுல பொண்ணு அலங்காரம் முடிஞ்சு வர்ற வரைக்கும் உக்காந்தே இருந்து பழகுனவன் தம்பி நான். நடக்குறவுகதான் அவசரப்பட்டு எழுந்து போயிருவாக." என்ன மனிதர் பாருங்கள்! கால் உள்ள நான் அறுபது வருடம் ஓடிக் கற்காததை அவர் உட்கார்ந்தே கற்றிருக்கிறார்.

வெயில் எதிர்ப்பாறையின் நெற்றியைத் தொட்டதும் பனி விலகும், ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம்தான் நிற்கும் என்பது என் பழைய கணக்கு. "இப்ப வரும்" என்றேன். வந்தது. வீட்டிலிருந்து பார்த்தால் வெள்ளை நூலாகத் தெரிவது, அங்கே பாறையைப் பிளந்துகொண்டு விழுகிறது. கீழே எத்தனை பச்சை, அதற்கும் கீழே மஞ்சளாறு அணைத் தண்ணீர் தகடாக மின்னுகிறது. கிறிஸ்டோபர் கேமராவில் எல்லாம் சரிபார்த்து, தன் விரலை எடுத்துவிட்டு, "நீங்களே அமுக்குங்கய்யா, உங்க படமில்ல" என்றார். கையெழுத்துப் போடத் தெரியாத இந்த விரலால் அமுக்கினேன். ஒரே தடவைதான். மறுபடி பனி மூடிக்கொண்டது.

போனில் அனுப்பினால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் பெரிதாகக் கழுவிச் சட்டம் போட்ட படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கூடத்தில் வாசலைப் பார்த்து மாட்டவும். அன்று கண்ணை மூடியதை இன்றாவது திறந்து பார்க்கவும். புது வீட்டில் பால் பொங்குவதுபோல் எல்லாம் பொங்கட்டும். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பிச்சைமணி (இடது கைப் பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: படம் இத்துடன் இல்லை. கட்டி அனுப்புமுன் உங்கள் அக்காளிடம் காட்டினேன். ஐம்பத்து நாலு வருடம் அந்த மலைக்குக் கீழேயே சோறாக்கியவள், நீர் விழுகிற இடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுப்படிச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டாள். இறக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, உங்களுக்கும் வராது. பார்க்க ஆசையிருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும். எங்கள் வீட்டுக்கு ஒரே படிதான்.