ஏழு கவுதாரி எண்ணின கதை

கவுதாரி எண்ணிட்டு வரணும். அம்புட்டுதான் அன்னைக்கு வேலை.

வெள்ளைக்காரன் காலம். திருமங்கலம் பக்கம் ஒரு சர்க்கார் ஆபீஸ்ல நான் டெம்பரவரி கிளார்க். அறுப்பு முடிஞ்சதும் துரை விருந்தாளிகளோட வேட்டைக்குப் போவாரு. அதுக்கு முன்னாடியே எந்தக் காட்டுல எத்தன பறவைன்னு பாத்து வைக்கணும். சரியாச் சொன்னா வேலை பெர்மனென்ட்!

ஒரே சிக்கல். நான் மதுர டவுன்காரன். கவுதாரிய குழம்புல மட்டும்தான் பாத்திருக்கேன்.

"சத்தத்த வச்சே எண்ணிரலாம்ணே. 'கித்திரி கித்திரி'ன்னு கத்தும். நிமிந்து நடந்தா பறந்துரும், ஊர்ந்து போங்க"ன்னாரு பியூன் கருப்பையா.

"நீங்களும் வாங்களேன்?"

"எனக்கு பெர்மனென்ட் ஆகி எட்டு வருசமாச்சுண்ணே."

விடிஞ்சதும் கண்மாய்க்கரை கருவேலங்காட்டுல இறங்கினேன். கோட்டு, வெள்ளை வேட்டி, கையில நோட்டு. வயிறு தரையில ஒட்ட ஊர்ந்தேன்.

"கித்திரி! கித்திரி!"

அடேயப்பா! நோட்டுல எழுதினேன்: ஒண்ணு.

கிட்டப் போனேன். சத்தம் நின்னுருச்சு. கொஞ்ச நேரத்துல அடுத்த புதர்ல "கித்திரி!" ரெண்டு!

இப்படியே மூணு, நாலு, அஞ்சு, ஆறு. முள்ளுல வேட்டி பாதி போச்சு, கோட்டோட சேத்து முழங்கைத் தோலும் முழுசாப் போச்சு. எனக்கோ சந்தோசம் தாங்கல!

ஏழாவது புதர்ல 'ஏழு'ன்னு எழுதிட்டு, ஒரு தடவையாவது மூஞ்சியப் பாத்திருவோம்னு தலைய உள்ள விட்டேன்.

"ஐயோ, நரி!"

ஒருத்தர் கம்ப ஓங்கிட்டாரு.

"நரி இல்ல, கிளார்க்கு!"ன்னு அலறினேன்.

கவுதாரி பிடிக்கிறவரு. பக்கத்துல கூண்டு, உள்ள பழக்குன கவுதாரி ஒண்ணு. அதக் கத்த விட்டா காட்டுக் கவுதாரி தேடி வந்து கண்ணியில மாட்டும். அதான் அவரு தொழில்.

"காலையிலருந்து ஏதோ பின்னாலயே ஊர்ந்து வருதேன்னு கூண்டத் தூக்கிக்கிட்டு எடம் எடமா ஓடுறேன். நீங்கதானாய்யா அது? இது ஏழாவது எடம்!"

நோட்டப் பாத்தேன். ஏழும் இந்த ஒரே பறவை!

"அப்ப நெசக் கவுதாரி?"

"இருந்துச்சுய்யா. நீங்க சரசரன்னு வந்த வரத்துல அம்புட்டும் கண்மாயத் தாண்டிருச்சு."

சாயங்காலம் கிழிஞ்ச வேட்டியோட துரை முன்னால நின்னேன்.

"எத்தனை?"

"ஒண்ணு சார்."

"எங்கே?"

"கூண்டுல சார்."

துரை என் முழங்கையப் பாத்தாரு. போகலாம்னு கையக் காட்டினாரு. பெர்மனென்ட் பேச்சு அதோட முடிஞ்சுது.

அந்த வருசம் அவரு முயல் வேட்டைக்குப் போனாரு. முயல எண்ண வேற ஆளு.