சத்தம் போடாத பறவை

"அப்பா, உங்க நாப்பதாயிரம் கோழியில ஒண்ணுக்காச்சும் உங்களைத் தெரியுமா?"

ஏழு வயது அபிநயா தோசையைப் பிய்த்துக்கொண்டே இதைக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சட்னியைத் தேடிப் போய்விட்டாள். சபரிநாதனுக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

எருமப்பட்டிப் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் அவர் பதினான்கு வருடமாகச் சூப்பர்வைசர். மறுநாள் ஷெட்டுக்குள் போய் நின்று பார்த்தார். இரண்டு பக்கமும் கோழித் தலைகள் அவரை நோக்கித் திரும்பின. மனசு கொஞ்சம் குளிர்ந்தது. அதற்குள் தீவன வண்டி வந்தது. அத்தனை தலையும் அதன் பக்கம் போய்விட்டது. கோழிகளுக்கு அவரும் ஒன்றுதான், ஷெட்டுத் தூணும் ஒன்றுதான். அவருக்கும் கோழிச் சத்தம் காதில் ஏறுவது நின்று பல வருடமாயிற்று.

தன்னை அடையாளம் தெரிந்த பறவை ஒன்றே ஒன்று வேண்டும் என்று அப்போது தோன்றியது.

தோன்றக் கூடாத ஆசை. பண்ணையில் வேலை செய்கிற யாரும் வீட்டில் கோழி, கிளி, புறா எதையும் வளர்க்கக் கூடாது. அதிலிருந்து நோய் வந்தால் ஒரே வாரத்தில் ஷெட் காலியாகிவிடும். வளர்ப்பது தெரிந்தால் அன்றோடு வேலை போய்விடும். திங்கட்கிழமைதோறும் இந்த விதியை எல்லோருக்கும் படித்துக் காட்டுகிறவர் சபரிநாதன்தான். வீடு வீடாகப் போய்ச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான்.

தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்கச் சேலத்துக்குப் பஸ் ஏறினார்.

"முதல் தடவையா வளர்க்கறீங்களா?" என்று கேட்டான் பறவைக் கடை அன்பு.

"நாப்பதாயிரம்..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "முதல் தடவைதானுங்க."

"எப்படிப்பட்ட பறவை வேணும்?"

"சத்தம் போடக் கூடாது. இறகு உதிரக் கூடாது. ஊட்டுல இருக்குதுன்னு ஆருக்கும் தெரியக் கூடாது."

"அண்ணா, எதுத்த கடையில மீன் விக்கிறாங்க."

"மீனுக்கு என்னைத் தெரியுங்களா?"

அன்பு அவரை ஏற இறங்கப் பார்த்தான். பச்சைக்கிளி கிடைக்குமா என்று கேட்டார்.

"அதை வித்தா என்னைப் புடிச்சு உள்ள போடுவாங்க. வாங்குனா நீங்களும் துணைக்கு வருவீங்க. லவ் பேர்ட்ஸ் ஒரு ஜோடி கொண்டு போங்க. சின்னப் பறவை, சின்னச் சத்தம்."

அந்தச் சின்னச் சத்தம் விடிகாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தது. ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். அதே பண்ணையில் முட்டை அடுக்குகிறவள். தெருவிலேயே சபரிநாதன் சந்தேகப்படாத ஒரே வீடு அவளுடையது. போன தை மாதம் அவரே சோதித்து, 'பறவை இல்லை' என்று எழுதியிருந்தார்.

"ஏனுங்க, உங்கூட்டுல என்னமோ கீச்சுக் கீச்சுங்குது? தெருக்கோடி வரைக்கும் கேக்குதுங்க."

மனைவி தனப்பிரியா முந்திக்கொண்டாள். "தண்ணி மோட்டாருங்கக்கா. கிரீஸ் இல்ல."

சாயங்காலம் கண்ணாத்தாளின் கணவர் ஆண்டி கிரீஸ் டப்பாவோடு வந்து நின்றார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைப் பிரித்து, பூசி, பூட்டிவிட்டுப் போனார். அதன்பிறகு மோட்டார் ஓடவில்லை. கீச்சுச் சத்தம் நிற்கவும் இல்லை.

"ஜோடியைப் பிரிச்சு வைங்க. பேச்சுத்துணை இல்லைன்னா அடங்கிரும்" என்றான் அன்பு போனில்.

பிரித்து வைத்தார். இரண்டும் இரண்டு அறையிலிருந்து தொண்டை கிழிய ஒன்றையொன்று கூப்பிட்டன.

"இப்ப ரெண்டு மோட்டாருங்களா?" என்றாள் கண்ணாத்தாள், சுவருக்கு மேலிருந்து.

ஜோடியை அன்புவிடமே திருப்பிக் கொடுத்து காக்டெய்ல் என்கிற கிளி வகைப் பறவை ஒன்றை வாங்கி வந்தார். சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை. "பொட்டைங்ணா. விசில் அடிக்காது. வாயில்லாப் பூச்சி" என்று சத்தியம் செய்திருந்தான் அன்பு.

ஒரு வாரம் வாயில்லாப் பூச்சியாகத்தான் இருந்தது. எட்டாம் நாள் குக்கர் விசிலைக் கற்றுக்கொண்டது. அது பொட்டையும் இல்லை, அதற்கு வாய்க்கும் குறைவில்லை.

"ஊட்டுக்கு விருந்தாடிங்க வந்துருக்காங்களா சாமி? காலையிலருந்து முப்பது விசிலு எண்ணிட்டேன். பருப்பு கரைஞ்சு குக்கரும் கரைஞ்சிருக்குமே! ரோட்டுல போறவங்க நின்னு கேட்டுட்டுப் போறாங்க" என்றாள் கண்ணாத்தாள்.

சபரிநாதன் உள்ளே வந்து பொருமினார். "இவளுக்குக் காது முழ நீளம். ஒரு நாளைக்கு முதலாளிகிட்டச் சொல்லத்தான் போறா."

"பேசாம இதையும் மாத்திட்டு வந்துருங்க" என்றாள் தனப்பிரியா.

மாற்ற முடியவில்லை. அன்று சாயங்காலம் அவருடைய மொபெட் தெருமுனையில் திரும்பும்போதே பறவை கொண்டையைத் தூக்கிக்கொண்டு கத்தத் தொடங்கியிருந்தது.

"வேற எந்த வண்டிக்கும் கத்தலப்பா. உங்களுக்கு மட்டும்தான்" என்றாள் அபிநயா.

கூண்டருகே போனதும், சொறிந்துவிடச் சொல்லித் தலையைக் கம்பியில் கவிழ்த்து வைத்தது. சபரிநாதன் ஒற்றை விரலால் சொறிந்தார். பல லட்சம் பறவைகளைப் பார்த்த கண் கலங்கிப்போயிற்று.

அதிலிருந்து அவருக்கு நிம்மதி இல்லை. வீட்டில் ஒரு குளியல், பண்ணை வாசலில் ஒரு குளியல், நடுவே கிருமிநாசினியில் காலை ஊற வைப்பது.

"கோயிலுக்கு மாலை போட்டப்பக்கூட இத்தனை தடவை குளிக்கலீங்களே" என்றாள் தனப்பிரியா.

தோல்தான் உரிந்தது, நெஞ்சில் இருந்த பாரம் அப்படியே இருந்தது. திங்கட்கிழமை விதியை வேகவேகமாகப் படித்து முடித்தார். நாமக்கல் ஆஞ்சநேயர் முன்னால் போய் நின்றார். பறவை வாயைத் திறக்கக் கூடாது என்று வேண்டுவதா, கோழிகளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டுவதா? இரண்டையும் வேண்டிவிட்டு, நிமிர்ந்து பார்க்க வெட்கப்பட்டுத் திரும்பினார்.

அந்தப் புதன்கிழமை காலையில் முதலாளி தங்கசாமி கால்நடை டாக்டரோடு முட்டை அடுக்கும் அறைக்கு வந்தார்.

"எங்கியோ பறவைக் காய்ச்சலுன்னு பேச்சு வருது. இன்னைக்கு எல்லாத்து ஊட்டையும் டாக்டரே பாக்கோணும்ங்கறார். சபரி, மொதல்ல உன்ற ஊடு. அப்பத்தான் மத்தவங்க வாயத் தொறக்க மாட்டாங்க."

விதிப்படி போன்கள் எல்லாம் பண்ணை வாசலில் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தன. தனப்பிரியா வேலைக்குப் போயிருந்தாள், அபிநயா பள்ளிக்கூடத்தில். வயிற்று வலி என்று கண்ணாத்தாள் அப்போதே விடுப்புச் சொல்லிவிட்டு ஓடினாள். அதைக்கூடக் கவனிக்கும் நிலையில் சபரிநாதன் இல்லை. கிளம்ப ஒரு மணி நேரமானது. அவ்வளவு நேரமும் முதலாளி அவரைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார்.

காரில் போகும்போது சபரிநாதன் வாயைத் திறந்தார். "ஐயா, ஒண்ணு சொல்லோணும்ங்க."

"எறங்குனதும் சொல்லுப்பா."

இறங்கியதும் டாக்டர், "கதவைத் தொறங்க" என்று அவசரப்படுத்தினார். கூண்டு இருந்த பின்கட்டின் கதவைத் தள்ளிவிட்டுச் சபரிநாதன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"சுத்தம்" என்றார் டாக்டர்.

கண்ணைத் திறந்தார். கூண்டு இல்லை. தினைத் தோல் ஒன்றுகூட இல்லை. தரையை யாரோ ஈரம் காயாமல் கழுவி விட்டிருந்தார்கள். பறந்துபோய்விட்டதா? கூண்டோடா?

டாக்டர் 'பறவை இல்லை' என்று எழுதினார். முதலாளி சபரிநாதனின் தோளில் தட்டினார். "உன்னை மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்தத் தட்டலைத் தாங்க முடியவில்லை.

"ஐயா, நாளையிலருந்து என்னை நம்ம தீவன ஆலைக்கு மாத்திருங்க. அங்க இந்த விதி கிடையாது. இனி நான் ஷெட்டுக்குள்ள வர வேண்டாமுங்க."

"என்னப்பா இது? சம்பளம் குறையுமே?"

"குறையட்டுங்க. கோழிங்க நல்லா இருக்கோணும்."

முதலாளி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சரி, போ" என்றார். அடுத்து கண்ணாத்தாள் வீட்டுக்குள் போன டாக்டர் அங்கேயும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்தார். தலை சுற்றுகிறது என்று சொல்லிச் சபரிநாதன் தங்கிவிட, கார் அடுத்த தெருவுக்குப் போயிற்று.

ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். சூப்பர்வைசர் வேலையும் இல்லை, தன்னைத் தெரிந்த ஒரே உயிரும் இல்லை. சாயங்காலம் மகளிடம் என்ன சொல்வது?

கொஞ்ச நேரம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

பழைய சேலை சுற்றிய கூண்டு ஒன்று சுவருக்கு மேல் எழும்பியது. அதன் பின்னால் கண்ணாத்தாளின் தலை.

"புடிங்க சாமி. என்ற ஊட்டுக்காரர் சைக்கிள்ல ஏரிக்கரைக்குக் கொண்டு போயிட்டு இப்பத்தான் வந்தார். வெளிய கேக்குது, வெளிய கேக்குதுன்னு நானும் தெனமும் வந்து சொன்னேன். உங்களுக்குத்தான் ஒறைக்கவே இல்ல."

கூண்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "தெரிஞ்சா உங்க வேலையும் போயிருக்குமேக்கா. எனக்காக ஏனுங்க?"

கண்ணாத்தாள் தெருவில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"போன தையில சோதனைக்கு வந்து எங்கூட்டுக் கட்டில்ல உக்காந்து டீ குடிச்சீங்களே, அந்தக் கட்டிலுக்கு அடியிலதானுங்க கருப்பனாருக்கு நேந்துவிட்ட என்ற கோழி கெடந்து அந்தக் கத்துக் கத்துச்சு, ஒண்ணுமே காதுல உழாத மாதிரி 'பறவை இல்லை'ன்னு எழுதிட்டு எந்திரிச்சுப் போனீங்களே, அந்த மனசு ஆருக்கு வரும் சாமி?"