மலை ஏறுன பரிசல்

...அப்ப இந்த வாட்டியும் மேல்வீட்டுக்காரி மூட்டைய அவுத்து வச்சுட்டாளா? நான் அப்பவே நெனச்சேன் பவளம். கதிர்காமத்துக்குப் போறேன் போறேன்னு லயத்துல வீடு வீடாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சப்பவே நெனச்சேன். போன ஆடிக்குப் புருசனுக்குக் காச்ச. இந்த ஆடிக்கு மாடு கன்னு போடுதாம். முருகன் கோவிச்சுக்கிறவா போறாரு? இப்பிடி எத்தன மூட்டையப் பாத்திருப்பாரு அவரு.

சிரிக்காத. அந்தச் சாக்க இழுத்துப் போட்டு ஒக்காரு. வீட்ட விட்டுக் கெளம்புறது இருக்குல்ல, அதுதான் ஒலகத்துலயே கஷ்டமான வேல. போய்ச் சேருறதெல்லாம் சின்ன விசயம். வாசப்படி இருக்கு பாரு, அதத் தாண்டுறதுக்குத்தான் ஆயுசு பத்தாது. நாங்க ஆத்துல போன கத ஒனக்குத் தெரியுமா? தெரியாதா? நீ இந்த லயத்துக்குக் கல்யாணம் கட்டி வந்து எத்தன வருசமாச்சு, இன்னுமா ஒருத்தரும் சொல்லல? (அப்ப ஒம் மாமியா நல்ல பொம்பளதான். நான் தப்பா நெனச்சிருந்தேன்.)

எங்க வீட்டுக்காரரு முசிறிப் பக்கம். காவேரிக் கரை. அவரு அப்பன் அங்க பரிசல் தள்ளுனவரு. பரிசல்னா ஒண்ணுமில்லடி, வட்டமா ஒரு பெரிய மூங்கிக்கூட, அடியில மாட்டுத்தோல் போத்தித் தாரு பூசியிருக்கும். அதுல ஆள ஏத்தி அக்கர சேப்பாங்க. இவரு கடல் தாண்டி இங்க தேயிலத் தோட்டத்துக்கு வந்து கூட பின்ற வேலையில சேந்தாரு. தோட்டத்துல கொழுந்து எடுக்குற பொம்பளைங்க முதுகுல தொங்குறது அம்புட்டும் இவரு பின்னுன கூடதான். எங்கூடைய மட்டும் கொஞ்சம் சிறுசாப் பின்னித் தருவாரு. ஒரு நா கங்காணி கண்டுபுடிச்சு, "என்னடா, ஒம் பொண்டாட்டி கூட மட்டும் வருசா வருசம் சுருங்குது"ன்னு கேட்டுட்டாரு. அது வேற கத.

நான் காவேரியப் பாத்தவ இல்ல. கைப்புள்ளையா இருந்தப்பவே கப்பல்ல வந்து, மன்னாருலருந்து ஆத்தா இடுப்புல வந்தேனாம். அதுக்கப்பறம் எல்லாம் நடதான். லயத்துலருந்து காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்கு நட. பெரட்டுலருந்து மலைக்கு நட. மலையிலருந்து கொழுந்தச் சொமந்துக்கிட்டு தேயில அரைக்கிற இஸ்டோருக்கு நட. மேல ஏறுனா மூச்சு வாங்கும், எறங்குனா முட்டி வலிக்கும். அப்பிடி இருக்கையில ஒரு ஞாயித்துக்கெழம, மழ பேஞ்சுக்கிட்டிருக்கு, இவரு மூங்கிப் பிளாச்சு சீவிக்கிட்டே சொல்றாரு:

"ஏ புள்ள, பரிசல்ல ஒக்காந்துட்டா நம்ம ஒண்ணும் செய்ய வேணாம். தண்ணி கொண்டு போகும். மெதுவாச் சுத்தும். சுத்தும்போது கரையெல்லாம் நம்மளச் சுத்தி வரும். மரம் வரும், மணல் வரும், தண்ணி குடிக்கிற மான் வரும். திரும்பவும் அதே மரம் வரும்."

"நடக்க வேணாமா?"

"எதுக்கு நடக்கணும்?"

அவ்வளவுதான் பவளம். எனக்குள்ள என்னமோ அவுந்து போச்சு. நகையா கேட்டேன், நெலமா கேட்டேன்? எம் பொறப்புல ஒரே ஒரு நா, நடக்காம, எதையும் சொமக்காம, ஒக்காந்த வாக்குல என்னைய எதாச்சும் எங்கயாச்சும் கொண்டு போகணும். அம்புட்டுதான். கொழுந்து கிள்ளிக்கிட்டே இருப்பேன், வெரலு பாட்டுக்குக் கிள்ளும், நான் பாட்டுக்கு ஆத்துல போய்க்கிட்டிருப்பேன். எதுத்தாப்புல மலைச்சரிவுல மஞ்சு அசைஞ்சா அது எனக்குத் தண்ணியாத் தெரியும். எதிர் நெரையில நிக்கிறவ கூப்புட்டா அக்கரையிலருந்து கூப்புடுற மாதிரி இருக்கும். கணக்கப்புள்ள வந்து, "என்ன புள்ள, முத்தல் எலையாக் கெடக்கு"ன்னு கத்துனாத்தான் கரையேறுவேன்.

இவரு திட்டம் இதுதான். பதுளைக்குக் கீழ ஆத்துல பரிசல எறக்குறது. அது காட்டுக்குள்ள போய் மகாவலியில சேருதாம். மணல்மேட்டுல சோறாக்கித் திங்கிறது. அப்பறம் நடந்து திரும்புறது. (திரும்பி நடக்குறதப் பத்தி நான் கேக்கல. கனவுக்குள்ள எவ திரும்பி நடப்பா?) அதுவும் ஆடிப் பதினெட்டுலதான் போகணுமாம். காவேரிக்காரனுக்கு அன்னைக்கு ஆத்துல எறங்காட்டி தல வெடிச்சிரும் போல.

மொதோ வருசம் மூங்கிக்கூடு பின்னி முடிச்சாரு. இந்த ரூமு அகலம் இருந்துச்சு. அந்த வாரமே கங்காணி மக பெரிய மனுசி ஆயிட்டா. விருந்துக்குச் சோறு வடிச்சுக் கொட்ட ஏனம் பத்தலையாம். வாழையெலய விரிச்சு, எங்க பரிசல்ல கொட்டுனாங்க பாரு சோறு, சின்ன மல மாதிரி. ஆடிப் பதினெட்டு அன்னைக்கு நான் பரிசலுக்குள்ளதான் இருந்தேன். பருக்க தேச்சுக் கழுவிக்கிட்டு.

மறு வருசம் மூத்தவ வயித்துல. அதுக்கடுத்த வருசம் பரிசல் வாசல்ல நிக்குது, ஒரு பொட்டக்கோழி அதுக்குள்ள ஏறி அடைக்கு ஒக்காந்துக்கிச்சு. அடைக்கோழிய எழுப்புனா பாவம்னு எம் மாமியா சொல்லிட்டாங்க. நம்ம கோழின்னாலும் பரவால்ல, அது பக்கத்து லயத்துக் கோழி. அதுக்கடுத்த வருசம் கட்டுச்சோறு கட்டி, வாசப்படியில காலு வச்சாச்சு, ஊருலருந்து புதுசா வந்த ஆளு ஒருத்தன் வந்து நிக்கிறான். "மாமா, ஒங்க பெரியப்பா செத்துப் போயிட்டாரு." எப்பன்னு கேட்டா, தையில செத்தாராம். இது ஆடி. ஆனாலும் காதுல விழுந்த அன்னைக்குத்தானடி தீட்டு. எறக்கு மூட்டைய. அன்னைக்குப் பூரா இவரு குளிச்சுட்டு ஈரத்துண்டோட ஒக்காந்திருந்தாரு. பெரியப்பனுக்கு அழுதாரா ஆத்துக்கு அழுதாரான்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது.

அதுக்கு அடுத்த ஆடிக்குத்தான் எல்லாம் கூடி வந்துச்சு. தோல் போத்தியாச்சு. கூரைக்குப் பூசி மிஞ்சுன தார வாங்கித் தடவு தடவுன்னு வெளியவும் உள்ளயும் தடவியாச்சு. நாத்தனாரு புள்ளையப் பாத்துக்கிறேன்னுட்டா. கங்காணிகிட்ட லீவு கேட்டாரு.

"எங்கடா போற?"

"ஆத்துக்குங்கய்யா."

"குளிக்கவா?"

"போறதுக்குங்கய்யா."

"ஆத்துல எங்கடா போவ?"

"ஆத்துலயேதாங்கய்யா."

கங்காணி இவர மேலயும் கீழயும் பாத்துட்டு, கிறுக்குப் புடிச்சவனுக்கு லீவு குடுக்குறது புண்ணியம்னு நெனச்சாரோ என்னமோ, குடுத்துட்டாரு.

விடியக் கெளம்புனோம். பரிசலக் கவுத்து இவரு தலைல வச்சுக்கிட்டாரு. பின்னாடி நான் சோத்து மூட்டையும் துடுப்புமா. பதுளைக் கடத்தெருவுல எல்லாரும் பாக்குறாங்க, ரெண்டு காலு மொளச்ச பெரிய கூட ஒண்ணு தானா நடந்து போகுது. ஒருத்தர்கிட்டயாச்சும் ஆறு எப்பிடின்னு கேட்டுக்கிருவமேன்னேன். கூடைக்குள்ளருந்து சத்தம் வருது: "காவேரிக்காரன் ஆத்தப் பத்தி அடுத்தவன்கிட்ட கேக்குறதா?" (அப்ப எனக்கும் அது ஞாயமாத்தான் பட்டுச்சு. அந்த வயசுல எனக்கு இருந்த புத்தி அம்புட்டுதான்.)

ஆத்தங்கரையில சாமி கும்புடணும்ல. மஞ்சளு, பூவு, தேங்கா எல்லாம் ஆச்சு. கற்பூரம் ஏத்துனா நிக்கல. ஆடிக்காத்து சும்மா இருக்குமா? ஏத்த ஏத்த அணையுது. கற்பூரம் அணைஞ்சா சகுனம் சரியில்ல, திரும்ப வேண்டியதுதான். நாலு வருசமாத் திரும்பிக்கிட்டே இருக்கோம், இனி அணையவே கூடாதுன்னு நான்தான் சொன்னேன், "காத்துப் படாம பரிசலுக்குள்ள வச்சு ஏத்துங்க."

தாரு பூசுன தோலு மேல. கற்பூரத்த. நான்தான் சொன்னேன்.

அழகா எரிஞ்சுச்சுடி. அசையாம, நிமுந்து எரிஞ்சுச்சு. கண்ண மூடிக் கும்புட்டோம். கொஞ்சம் கருகல் வாட வந்துச்சு. இவரு ஒரு கை தண்ணிய அள்ளி ஊத்தி, "ஆத்தா ஏத்துக்கிட்டா புள்ள"ன்னு திருநீறு பூசி விட்டாரு. ஏறி ஒக்காந்தோம்.

அது எப்பிடி இருந்துச்சுன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன். மொதல்ல ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்துச்சு. அப்பறம் கரை நகந்துச்சு. நான் காலு ரெண்டயும் நீட்டி ஒக்காந்திருக்கேன், மரம் நடக்குது. எனக்குப் பதிலா எல்லாம் நடக்குது. வெயிலு தண்ணியில விழுந்து இவரு மொகத்துல ஆடுது. ஒரு மீன்கொத்தி கூடவே வந்துச்சு. பரிசல் மெல்லத் திரும்ப, கரை, மூங்கிப்புதர், மலை, அந்த மலைக்கு மேல எங்க தோட்டம் சிறுசா, பச்சையா. அங்க எவளோ கூடையச் சொமந்துக்கிட்டு நிப்பா. அது நான் இல்ல. அந்த நெனப்பே இனிப்பா இருந்துச்சு. தூரத்துல ஓன்னு ஒரு சத்தம், மழ வர்ற மாதிரி. மூங்கில்ல காத்தடிக்குதுன்னு நெனச்சுக் கண்ண மூடிக்கிட்டேன்.

கொஞ்சத்துல அடியில ஈரமாயிருச்சு.

"ஏங்க, புளிச்சோறு ஒழுகுது."

"புளிச்சோறு ஒழுகுனா சில்லுன்னா இருக்கும்?"

ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்தோம். கற்பூரம் எரிஞ்ச எடத்துல தோலு வெந்து, சுண்டுவெரலு போற ஓட்ட. ஊத்து மாதிரி தண்ணி வருது. "பதறாத, குதிகால வச்சு அடைச்சுக்கிறேன்"னு இவரு எந்திரிச்சு ஓங்கி மிதிச்சாரு பாரு. வெந்த தோலுல்ல. காலு தொட வரைக்கும் கீழ போயிருச்சு. பரிசல் சுத்துது, அடியில ஒத்தக் காலு தொங்குது, மேல இவரு ஐயனாரு மாதிரி ஒரு கால மடக்கி ஒக்காந்திருக்காரு. "தள்ளு புள்ள, தள்ளு"ங்கிறாரு. எதத் தள்ளுறது, எங்க தள்ளுறது? அந்தக் காலு போய் ஒரு பாறையில இடிக்க, பரிசல் அங்கனயே நின்னுச்சு. நான் குதிச்சேன். தண்ணி தொட அளவுதான். ஆனா கல்லுல காலு பெரண்டு, கணுக்கா பூசணிக்கா மாதிரி வீங்கிப் போச்சு.

கரையில ஒரு முஸ்லிம் நானா வண்டி மாட்டக் குளிப்பாட்டிக்கிட்டு நின்னாரு. பதுளையில அரிசிக் கட வச்சிருந்தவரு, தோட்டங்களுக்கு மூட்ட ஏத்திப் போவாரு. எங்களப் பாத்துட்டு மாட்ட விட்டுட்டு ஓடி வந்தாரு. ரெண்டு பேரையும் இழுத்துப் போட்டுட்டு, "எங்க போகப் போனீங்க?"ன்னாரு.

"மகாவலிக்கு நானா."

"எந்த வழியால?"

"ஆத்து வழியாத்தான்."

அவரு அப்பிடியே கல்லுல ஒக்காந்துட்டாரு. "தம்பி, அந்த எரைச்சல் கேக்குதா? காத்துன்னா நெனச்சீங்க? கீழ துன்கிந்த அருவி. ஆறு அங்க தலகுப்புற விழுது. தென்ன மரத்து மேல தென்ன மரம் வச்சாலும் எட்டாது."

இவரு ஒத்தக் கால்ல பரிசல மாட்டிக்கிட்டு நின்னபடியே யோசிச்சாரு. "எங்க காவேரியில ஆறு இப்பிடித் திடீர்னு கீழ விழாது"ன்னாரு.

"அப்ப நீங்க காவேரிக்கே போயிருக்கலாமே"ன்னாரு நானா.

அப்பத்தான் வெளங்குச்சு பவளம், நாலு வருசமா எங்களத் தடுத்தது எதுக்குன்னு. சோத்துப் பருக்க, அடைக்கோழி, பெரியப்பன் எல்லாரையும் நெனச்சு அங்கனயே கையெடுத்துக் கும்புட்டேன். அப்பறந்தான் அழுக வந்துச்சு. அருவிய நெனச்சு இல்ல. இனிமே இந்த மனுசன் என்னைய ஆத்துல கூட்டிட்டுப் போக மாட்டாரே, திரும்பி நடக்கணுமேன்னுதான். நடக்கவும் முடியல.

நானா அன்னைக்கு எங்க தோட்டத்துக்குத்தான் அரிசி ஏத்திக்கிட்டு வந்தாரு. வண்டி நெறைய மூட்ட, ஒக்கார எடமில்ல. அதனால பரிசல மூட்டைங்களுக்கு மேல நிமுத்தி வச்சு, கயித்தால கட்டி, "ஏறுங்க தங்கச்சி"ன்னாரு. என்னையத் தூக்கி அதுக்குள்ள ஒக்கார வச்சாங்க. காலையில அந்தக் கூடைக்குக் காலு மொளச்சதப் பாத்த அதே கடத்தெரு, இப்ப நான் அது மேல ஒக்காந்து போறதப் பாத்துச்சு. தலையில பூவு, நெத்தியில திருநீறு, இடுப்பு வரைக்கும் ஈரம். ஒரு சிங்களக் கெழவி, எந்தச் சாமியோன்னு கும்புட்டுருச்சு. நானும் என்ன செய்றது, கையத் தூக்கிட்டேன்.

ஊரு தாண்டி மலையில ஏற ஏற மஞ்சு எறங்குச்சு. வண்டிப் பாதை மறைஞ்சுருச்சு, மாடு மறைஞ்சுருச்சு. கீழ எதுவுமே இல்ல. வெள்ளையா ஒரு ஆறு மெதுவா ஓடுது, தேயிலப் புதரெல்லாம் அதுல கரை மாதிரி வருது, போகுது. பரிசல் இந்தப் பக்கம் ஆடும், அந்தப் பக்கம் ஆடும். நான் காலு நீட்டி ஒக்காந்திருக்கேன். மாட்டுக் கழுத்து மணி எங்கேயோ தண்ணிக்கடியில கேக்குது. பின்னால துடுப்பத் தோள்ல வச்சுக்கிட்டு இவரு நொண்டி நொண்டி நடந்து வர்றாரு.

"புள்ள, வலிக்குதா?"

"பேசாதீங்க. இப்பத்தான் காடு வருது."

அவரு துடுப்பத் தோள் மாத்திக்கிட்டாரு. கொஞ்ச தூரம் வந்துட்டு, மெதுவா, "மான் நிக்குதா?"ன்னாரு.

"ரெண்டு நிக்குது"ன்னேன்.

லயத்து வாசல்ல வண்டி வந்து நின்னப்ப, மஞ்சுக்குள்ளருந்து தேரு மாதிரி வருதேன்னு ஒம் மாமியா என்ன பண்ணுனாங்க தெரியுமா, கற்பூரத் தட்டோட வெளிய வந்துட்டாங்க. "ஐயோ, அத மட்டும் அணைச்சுருங்க தாயி"ன்னு எங்க வீட்டுக்காரரு கத்துனது தோட்டத்து அடுத்த டிவிசன் வரைக்கும் கேட்டுச்சாம். கங்காணி வந்து வண்டியச் சுத்திப் பாத்துட்டு, "ஆறு மேல்நோக்கி ஓடுதாடா?"ன்னு கேட்டாரு. அன்னைலருந்து எங்க குடும்பத்துல எந்தக் காரியம் தலகீழாப் போனாலும், பரிசல் மல ஏறிருச்சும்பாங்க. எளையவளப் பொண்ணு பாக்க வந்தவங்க வீடு மாறிப் போய்ப் பஜ்ஜி தின்னுட்டு வந்தாங்கல்ல, அன்னைக்கும் அதச் சொல்லித்தான் சிரிச்சோம். பேரப்புள்ளைங்க என்னைய ஊருக்குக் கூப்புட்டா, "பாட்டிக்கு மூட்ட வண்டி சொல்லியாச்சா?"ன்னுதான் மொதக் கேள்வி.

என்ன கேட்ட? திரும்பப் போனோமான்னா? அந்தா, உள்ளதான் இருக்காரு, அவரையே கேளு. ஓட்டைய அடைச்சு வருசம் எத்தனையோ ஆச்சு. ஆடி வந்தா நேரா வந்து நிப்பாரு, "அருவிக்கு அந்தப் பக்கம் எறக்குனா என்ன புள்ள?"ம்பாரு. நானும் சரின்னுதான் சொல்லுவேன். ஒவ்வொரு வருசமும் மனசாரத்தான் சொல்லுவேன். இந்த வருசங்கூட புளி கரைச்சு வச்சுட்டேன், நாளைக்கித்தான் பதினெட்டு...

ஏ பவளம், அந்தத் துணிக்கொடியப் பாரு. காத்து எஞ்சேலைய உருவிக்கிட்டுப் போகுது, தேயிலைக்கு மேல. புடி, நீ அந்தப் பக்கமா எறங்கு, நான் இப்பிடி வர்றேன். நாளைக்கிக் கட்ட அது ஒண்ணுதான் நல்ல சேல.