நிழலில் அழாத மாதா

கோரெலோவ்கா கிராமத்து மாதா அழுகிறாளாம்! செய்தி கிளம்பியதிலிருந்து சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கோல் ஊன்றியவர்கள் வந்தார்கள், பட்டுக்குடை பிடித்த சீமாட்டிகள் வந்தார்கள். குதிரையேறிய காவலர்கள், கூட்டம் பக்தியோடு நடக்கிறதா என்று சவுக்கால் பார்த்துக்கொண்டார்கள்.

வெள்ளிக் கவசம் போட்ட மாதா படம் உச்சிவெயிலில் ஊர்வலமாக வயலுக்குப் போகும். மழையில்லாமல் கருகும் பயிரைக் கண்டதும் கண்ணீர் விடும். யார் வயலுக்காக அழுததோ, அவர் ஒரு மாடு காணிக்கை தர வேண்டும். மாதாவுக்கு மாடு எதற்கு என்று கேட்பது பாவம். ஆகவே மாடுகள் கோயில் தர்மகர்த்தா நிகனோரின் தொழுவத்தில் நின்றன.

ஜூன் மாத விரதம் வேறு. பால், வெண்ணெய் நாக்கில் படக்கூடாது. வீட்டில் இருந்தால்தானே சபலம்? எல்லார் வெண்ணெயையும் நிகனோரே வாங்கி வைத்துக்கொண்டார். என்ன தியாகம்!

இன்று உஸ்தீனியாவின் முறை. புருஷன் இல்லாதவள், இரண்டு பெண் குழந்தைகள், ஒரே ஒரு மாடு. அதைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு தன் வயலோரம் நின்றாள். மாடு போனால் குழந்தைகளுக்குப் பாலில்லை, மழை பொய்த்தால் ரொட்டியுமில்லை.

ஊர்வலத்தை வரைய வந்து அவள் வீட்டில் தங்கியிருந்த ஓவியர் லவ்ரேந்தி பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏங்க்கா, கோயிலுக்குள்ள மாதா என்னைக்காச்சும் அழுதுச்சா?"

"இல்லியே தம்பி. வெயில்லதான்."

அவ்வளவுதான் கேட்டார். வெளியில் உட்கார்ந்து வரையும்போது நட்டுவைக்கும் பெரிய குடையைத் தூக்கிக்கொண்டு, வயலில் வந்து நின்ற ஊர்வலத்துக்குள் போனார். பெற்ற தாயை இப்படி வெயிலில் வாட்டலாமா என்று உருகி, அதைப் படத்துக்கு மேலே பிடித்தார். கூட்டத்துக்கு மெய்சிலிர்த்தது. நிகனோருக்கு மட்டும் வியர்த்தது.

பிரார்த்தனைப் பாட்டு முடிந்தது, மறுபடி பாடினார்கள். மாதாவின் கண் காய்ந்தே இருந்தது. நிழல் மாதாவுக்கு ஆகாது, எடு குடையை என்று நிகனோர் கத்தினார். லவ்ரேந்தி மரியாதையாக எடுத்தார். கவசம் சுட்டது, கண்ணீர் கொட்டியது. மறுபடி குடை, கண்ணீர் நின்றது.

துளிகளைப் பஞ்சில் ஒற்றிப் பத்திரப்படுத்துவது வழக்கம். உஸ்தீனியாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். கூட்டம் திகைத்தது.

"வெண்ணெய்!" என்றாள். "அடப்பாவி, எங்க கிட்ட வாங்குன வெண்ணெயையா கவசத்துக்குள்ள அப்பி வச்ச?"

நிகனோர், விரதத்தில் வெண்ணெய் தின்ற மகாபாவி என்று அவளைக் காட்டிக் கூவினார். நாலு பேர் சிலுவைக்குறி போட்டுத் தலையாட்டவும் செய்தார்கள்! ஐந்தாமவர் கவசத்தைக் கழற்றினார். உள்ளே கைப்பிடி வெண்ணெய் உருகி வழிந்தது. பிறகு காவலர்கள் சவுக்கோடு நிகனோரைக் கூட்டத்திலிருந்து காப்பாற்ற வேண்டியதாயிற்று.

உஸ்தீனியா மாட்டைத் திருப்பினாள். போகிற போக்கில் ஊரைப் பார்த்துச் சொன்னாள்:

"வயித்துக்குத்தானே விரதம் இருக்கச் சொன்னாங்க? மூளையை எதுக்குப் பட்டினி போட்டீங்க?"