தாலி கட்டும் நேரத்தில் வந்த டீக்காரி

கேட்டவர்களுக்கு "வேண்டாம்" என்று சொல்ல எனக்கு வராது. மூன்றாம் வகுப்போடு எஸ்டேட் பள்ளியை விட்டவள்தான். ஆனாலும் யார் முன்னாலும் தலை குனிந்ததில்லை. (அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தவிர.)

அன்று என் தம்பி மகள் கல்யாணம், மலேசியாவின் மறுகோடியில், ஜொகூரில். எனக்கோ காலில் மாவுக்கட்டு. கல்யாணத்தைக் கம்ப்யூட்டரில் நேரடியாகக் காட்டுவார்கள் என்றதும், பாடாங் செராயில் எங்கள் வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

"எல்லாரும் நம்ம வீட்டுக்கு வாங்க. பொண்ணோட அத்தை நான் இருக்கேன். வடையும் இருக்கு."

வந்தார்கள். ஹால் நிறைந்தது. கையில் அட்சதை கூடக் கொடுத்துவிட்டேன். என் மகன் குமரன் ஐஸ் வாங்கக் கிளம்பும்போது, "அம்மா, எதையும் தட்டிறாதீங்க லா," என்றான்.

அவன் தலை மறைந்ததும் மேளச் சத்தம் வந்தது. படம் வரவில்லை. திரையில் ஒரு பெட்டி முளைத்து இங்கிலீஷில் ஏதோ கேட்டது.

"என்னக்கா கேக்குது?" என்றாள் பக்கத்து வீட்டு லெட்சுமி.

"படம் காட்டுற சாமானைப் போடவான்னு கேக்குது." (ஓர் எழுத்தும் புரியவில்லை. ஆனாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்!)

"போடுங்கக்கா, தாலி கட்டப் போறாங்க!"

தட்டினேன். மறுபடி கேட்டது. மறுபடி தட்டினேன்.

கெட்டிமேளம் முழங்கியது. படத்துக்குப் பதில் இளைக்க வைக்கும் டீ விளம்பரம்; திரை நிறைய ஒரு குண்டுப் பெண் வந்து நின்றாள். டீ குடித்தாள். ஒல்லியானாள். மறுபடி குண்டாகி மறுபடி குடித்தாள். நான் மூட மூட, ஒருத்தி நாலு பேராகித் திரையெங்கும் டீக்காரிகள். மேளச் சத்தத்தில் கை நிற்காமல் லெட்சுமி அட்சதையை அவர்கள் மேல் போட்டாள். உடனே எல்லாரும் போட்டார்கள்.

ஐஸோடு வந்த குமரன் தலையில் கை வைத்தான். "யம்மா! போன வாரம் ராசிபலன் பாக்கறேன்னு என்னத்தை இறக்குனீங்க?"

"இலவசம்னு வந்துச்சு. அதை நான் திறக்கவே இல்லியேடா!"

"நீங்க திறக்கல. இப்ப தட்டுனீங்களே, படம் காட்டுற சாமானைப் போடுற இன்ஸ்டாலர், அதுல ஓட்டை. ஓட்டையைத் திருத்துன புதுசு வந்திருச்சு, நம்மகிட்ட கிடந்தது பழசு. தன்னோட சாமான் மாதிரி பேரு வச்சுக்கிட்டு பக்கத்துல எது கிடந்தாலும், யாருன்னு கேக்காம உள்ள கூட்டிட்டுப் போயிடும். நீங்க இறக்குனது அப்படிப் பேரு வச்சுக்கிட்டு பக்கத்துலயே கிடந்துச்சு, அதான் இந்த டீக்காரி."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எஸ்டேட் கல்யாணங்களில் பந்தி வாசல் என் பொறுப்பு. மாப்பிள்ளை வீட்டு வேனோடு யார் வந்தாலும் மாப்பிள்ளை வீட்டார்தான். "நீங்க யாரு?" என்று கேட்டால் குடும்பத்துக்கே அவமானம். வழி கேட்க வந்த ஒருவரைப் பாயசம் வரை சாப்பிட வைத்துத்தான் அனுப்பியிருக்கிறேன்.

"அப்ப அதுக்கு நல்ல வளர்ப்புடா," என்றேன். குமரன் ஐஸைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

தாலி கட்டியதைப் பிறகு போட்டோவில்தான் பார்த்தேன். இப்போதும் குடும்பக் கல்யாணங்களில் பந்தி வாசலில் நான்தான். என்னைக் கண்டதும் தம்பி மகள் ஊர் கேட்கக் கத்துவாள்: "அத்தை, டீக்காரி வந்தா உள்ள விட்றாதீங்க லா!"

"எப்படிடி விடாம இருக்கிறது?" என்பேன். "உன் அட்சதையெல்லாம் வாங்கிக்கிட்டவ அவதானே!"