நன்றியும் பாக்கியும்

சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுக்கப் பரீத்தின் கை போகும்போதெல்லாம் சீனிச்சாமி அந்தக் கையில் எதையாவது கொடுத்துவிட்டார். முதலில் இளநீர். பிறகு இலை நிறையச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும்.

"கறி உங்க சலீம் கடையில வாங்குனதுதான் பாய், யோசிக்காமச் சாப்பிடுங்க."

உத்தமபாளையத்தில் மோட்டார், பைப் கடை வைத்திருக்கும் சேக் பரீத் மார்க்கையன்கோட்டைக்கு விருந்துண்ண வரவில்லை. சீனிச்சாமியின் வாழைத்தோட்டத்துக்குக் கடனாகக் கொடுத்த மோட்டாருக்கும் சொட்டுநீர்ப் பைப்புக்கும் பணம் வரவேண்டியிருந்தது. கடையின் முதலீட்டில் பாதி அதில்தான் முடங்கிக் கிடந்தது. அது போனால் கடைக்கு ஷட்டரை இழுக்க வேண்டியதுதான்.

முந்தின நாள்தான் வக்கீல் ஜெனிபர் பில்லின் தேதியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்திருந்தார்.

"பாய், சரக்குக் குடுத்து மூணு வருசத்துக்குள்ள கேஸ் போடணும். இந்த மாசத்தோட கெடு முடியுது. அதுக்குப் பெறகு கோர்ட்டுக்குப் போனா, உங்களப் பாத்துப் பாவப்படத்தான் செய்வாக."

"அவரு மேல கேஸா? நான் கடை தொறந்தன்னிக்கு மொத யாவாரமே அவருதாம்மா."

"சரி, கேஸ் வேணாம். பாக்கி இன்னும் இருக்குன்னு எழுதி, அவரு கைப்படக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். கெடுவுக்குள்ள வாங்கிட்டீகன்னா, அன்னையிலேர்ந்து புதுசா மூணு வருசம் கெடைக்கும்."

பையிலிருந்த காகிதத்தில் ஒரே ஒரு கையெழுத்து. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த சீனிச்சாமி, தொட்டியில் விழும் தண்ணீரைக் காட்டினார்.

"இந்தச் சத்தத்தக் கேக்குறப்பல்லாம் உங்க மொகந்தான் பாய் ஞாபகம் வருது."

பரீத்துக்கும் அந்தச் சத்தம் பிடித்திருந்தது. தன் பணம் எங்கோ தூரத்தில் உட்கார்ந்து தனக்காகவே பாடுவதுபோல இருந்தது.

"காத்துல மரமெல்லாம் சாஞ்சு போச்சு. மறுபடி நட்டிருக்கேன். தார் வெட்டுனதும் மொதத் துட்டு உங்களுக்குத்தான்."

"அதுக்கென்னண்ணே இப்ப அவசரம்!" என்றது பரீத்தின் வாய். சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது.

பைக்கின் பின்னால் ஒரு வாழைத்தாரைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பியவரை மனைவி ஷரீபா வாசலிலேயே மறித்தாள்.

"கையெழுத்து வாங்கப் போனவுக வாழத்தாரோட வந்திருக்கீக. இதத்தான் கோர்ட்ல காட்டப் போறீகளா?"

"நேருல பாத்தா வாய் வர மாட்டேங்குது ஷரீபா."

நேரில் வராத வாய்க்குப் பதிலாக, பாக்கிக்குக் கையெழுத்துக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் தபாலில் போனது. அது சேரும் நேரத்தில் கூடலூர்ப் பக்கம் வசூலுக்குக் கிளம்பிவிடலாம் என்று பரீத் செருப்பை மாட்டினார். அதற்குள் சீனிச்சாமியே கடைக்குள் நுழைந்துவிட்டார். கையில் பிரித்த கவர்.

"பாய், யாரோ வக்கீலம்மா எனக்கு லெட்டர் போட்டிருக்காக. ஒண்ணும் வெளங்கல. நீங்கதான் படிச்சுச் சொல்லணும்."

பரீத் காகிதத்தை விரித்தார். முதல் வரியிலேயே 'எனது கட்சிக்காரர்' என்று தன் பெயர்.

"இது வந்துண்ணே... உங்களுக்கு வாழ்த்துச் சொல்லியிருக்காக."

"எதுக்கு?"

"வாழையெல்லாம் நல்லா வச்சிருக்கீகன்னு."

"ரெண்டு பக்கத்துக்கா?"

"படிச்சவுகல்ல, வெளக்கமா எழுதியிருக்காக."

சீனிச்சாமி அவர் முகத்தையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"உங்கள மாதிரி ஒரு மனுசன் கெடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும் பாய்."

அந்த வாரக் கடைசியில், கெடு முடிய இன்னும் சில நாட்கள் இருக்கும்போது, பரீத் கடையைத் திறக்க வந்தபோது வாசலில் கூட்டம் நின்றது. மோட்டாருக்கு இவ்வளவு கிராக்கியா என்று மகிழ்ந்துபோனார்.

"எனக்கு ஒரு மோட்டாரு பாய். துட்டு பெறகு."

"வருசநாட்டுலேர்ந்து வர்றேன். எம்புட்டு வருசமானாலும் நீங்க திருப்பிக் கேக்க மாட்டீகளாமே?"

"யாரு சொன்னது?"

"பஸ் ஸ்டாண்டுல நீங்கதான சிரிச்சுக்கிட்டு நிக்கிறீக!"

பரீத் ஓடினார். பஸ் ஸ்டாண்டு வாசலில், மாடி உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். மகள் ரஃபியாவின் கல்யாணத்தில், கன்னம் உப்ப பிரியாணி தின்றபோது எடுத்த அவருடைய படம். பக்கத்தில் கைகூப்பி நிற்கும் சீனிச்சாமி. கீழே கொட்டை எழுத்தில்:

'மோட்டாரும் பைப்பும் கடனாகத் தந்து என் தோட்டத்தை வாழவைத்த சேக் பரீத் பாய்க்கு நன்றி! அந்தப் பாக்கி முழுவதும் இன்றைய தேதி வரை நான் கொடுக்க வேண்டியதே. இப்படிக்கு, மார்க்கையன்கோட்டை சீனிச்சாமி.'

பரீத், எதிரே ஃப்ளெக்ஸ் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த கடைக்காரன் செல்லப்பாண்டியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"ஏலே, மொதல்ல இதக் கழட்டுலே! ஊரே கடன் கேட்டு வாசல்ல நிக்குது. ஒரு கையெழுத்துக் கேக்க வாய் வராம நான் செத்துக்கிட்டிருக்கேன், இவரு என்னடான்னா எனக்கு நன்றி சொல்லி போர்டு வைக்கிறாரு!"

செல்லப்பாண்டி ஏணியைச் சாத்தினான்.

"கழட்டிரலாம் பாய், ஆனா கிழியாம மடிச்சு வக்கீலம்மாட்ட குடுத்துருங்க, அவுக நோட்டீஸ வரி விடாம எனக்கு வாசிச்சுக் காட்டித்தான் சீனிச்சாமி அண்ணே இத அடிக்கச் சொன்னாக, கையெழுத்த மட்டும் அச்சடிக்காதடா, அது நாந்தான் போடணும்னு இந்த ஏணியில ஏறித் தேதியோட போட்டாக."