ஒரு சைஸ் பெரிய டர்போ

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலமில்லை. தாங்களும், தங்கள் தையல் கடையும், கோபித்துக்கொண்டு அங்கே வந்திருக்கும் என் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அவள் தன் பக்கத்துக் கதையைச் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேளுங்கள். எங்கள் காரில் டர்போ போய்விட்டதும் மெக்கானிக் இரண்டு சைஸ் காட்டினார். எஞ்சின் விடுகிற புகையில் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற சாமான் அது. சின்னதா, பெரியதா என்று குழம்பி, நம் குடும்பத்தில் அளவு தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தானே என்று உங்களுக்குப் போன் செய்தேன். "பெரிசாவே எடுங்க மாப்பிள்ளை. பெரிசா இருந்தா பிடிச்சுத் தச்சுக்கலாம், சின்னதாப் போச்சுன்னா தூக்கித்தான் போடணும்" என்றீர்கள். மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "சார், இந்தக் குட்டி எஞ்சின் விடுற புகைக்கு அது லேசுல அசையாது. நீங்க மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வர்றதுக்குச் சின்னதே போதும்" என்றார். கேட்டேனா? அவர் வெளி ஆள், நீங்கள் என் கல்யாணத்துக்குச் சட்டை தைத்தவர்.

அப்புறம் அவளை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறினேன், பாதி மேட்டுல வண்டி முக்குது முனகுது, நகர மாட்டேங்குது, பின்னாடி லாரிக்காரன் ஹாரன்லேர்ந்து கையையே எடுக்கலை, "அமுக்குங்களேன்"ங்கிறா, "அமுக்கிட்டுத்தானே இருக்கேன்"ங்கிறேன், டர்போ தூங்குது மச்சான், ஒரு வழியா உச்சிக்கு வந்து அப்பாடான்னு மூச்சு விடுறேன், கால் மட்டும் அமுக்கினபடியே இருக்கு, அப்பப் பார்த்து அது முழிச்சுக்கிச்சு, வண்டி பாய்ஞ்சுச்சு பாருங்க, கீழே இருந்த குப்பைத்தொட்டியில மூக்கை நுழைச்சுத்தான் நின்னுச்சு. யாருக்கும் அடியில்லை. "நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். அவருக்காவது புத்தி இருக்கு" என்று இறங்கிப் போய்விட்டாள். பெரிசாக எடுக்கச் சொன்னது யார் என்று சொல்ல வாயெடுத்தேன், தைரியம் வரவில்லை.

வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அவள் பார்க்கும் தொடரை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்ல ஆளில்லை. நேற்று ரசத்தில் உப்பில்லை என்று சுவரிடம் குறைபட்டுக்கொண்டேன். அவள் இல்லாமல் என்னால் முடியவில்லை, மச்சான். புத்தி வந்துவிட்டது. பெரியதைக் கழற்றிவிட்டுச் சின்ன டர்போவையே மாட்டப் போகிறேன், இது சத்தியம். எப்படியாவது சமாதானம் சொல்லி அவளை நாளைக்கே அனுப்பி வையுங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் குழந்தைகளுக்கு என் ஆசியையும் பிரித்துக் கொடுக்கவும். அவளுக்கு, எதைச் சொன்னால் கோபம் ஏறாதோ அதைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டும் முன் யோசித்துப் பார்த்தேன். டர்போ பெரிதில்லை, எஞ்சின்தான் சின்னது. நீங்கள் சொன்னதே சரி. பழைய வேன் எஞ்சின் ஒன்று கிடைத்தது, அதைக் கூடத்தில் அவள் உட்காரும் இடத்தில் இறக்கி வைத்திருக்கிறேன். நாளைக்கு அனுப்ப வேண்டாம்.